மரீனா வாழ்வும் பாய்ப்படகின் பயண ஆயத்தமும்

மரீனா என்பது பாய்ப்படகுகளும் சிறு விசைப்படகுகளும் கட்டணம் செலுத்திக் கட்டி நிற்பதற்காக அமைக்கப்பட்ட பாதுகாப்பான படகுத்துறை ஆகும். சரக்குத் துறைமுகத்தில் பொருள்கள் ஏறி இறங்கும்; மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும். மரீனாவில் இவை இல்லை. இங்கு நிற்கும் படகுகள் பெரும்பாலும் தனியாருக்கு உரியவை. அவற்றுள் சில வார இறுதியில் மட்டும் கடலுக்குச் செல்லும். வேறு சில, குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நாடு நாடாகச் செல்லும். இந்த இரண்டாம் வகைப் படகு புறப்படுவதற்கு முன் மரீனாவில் கழியும் நாள்கள் எப்படிப்பட்டவை, அப்போது என்னென்ன வேலைகள் நடக்கின்றன, ஏன் நடக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாக, ஸ்பெயின் நாட்டுக்கு உரிய கேனரி தீவுகளில் உள்ள லாஸ் பால்மாஸ் நகரின் மரீனா எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சொல் விளக்கம்

கடலைச் சார்ந்தது என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல் மரீனா. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இது வழக்கில் உள்ளது. சென்னையின் மெரினா கடற்கரைக்கும் இதே சொல்தான் பெயராயிற்று. 1880களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து இப்பெயரைச் சூட்டினார். எனவே மெரினா என்றதும் மணலையும் சுண்டலையும் நினைக்கும் நாம், படகுத்துறையைக் குறிக்கும் மரீனாவை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

மரீனாக்களில் நிற்கும் இரட்டை உடல் கொண்ட படகுக்கு உலகெங்கும் ‘கட்டமரான்’ என்று பெயர். இது நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லிலிருந்து போனது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மீனவரின் கலமும் இன்றைய ஃபைபர் கண்ணாடிக் கட்டமரானும் அமைப்பில் வேறானவை. பெயர் மட்டும் ஒன்று.

லாஸ் பால்மாஸ் ஏன்?

கேனரி தீவுகள் ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் உள்ளன. ஐரோப்பாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் பாய் விரித்துச் செல்வோருக்கு இவை இயல்பான இடைநிலையம். காரணம் காற்று. இந்த அட்சரேகைகளுக்குத் தெற்கே வடகிழக்கு வியாபாரக் காற்று ஆண்டின் பெரும்பகுதி நிலையாக வீசுகிறது. அக்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டால் படகு மேற்கு நோக்கித் தள்ளப்படும். ‘வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, பிறகு மேற்கே திரும்பு’ என்று ஐரோப்பிய மாலுமிகள் சொல்லிவந்தது இதனால்தான்.

காலமும் முக்கியம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை எனக் கணக்கிடப்படுகிறது. ஆகவே படகுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேனரி தீவுகளில் கூடி, பருவம் முடியும் தறுவாயில் புறப்படுகின்றன. 1986ஆம் ஆண்டு ஜிம்மி கார்னெல் என்பவர் ஏ.ஆர்.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டுப் பயணத்தை லாஸ் பால்மாஸிலிருந்து தொடங்கினார். முதல் பயணத்தில் 204 படகுகள் பார்படோஸ் தீவுக்குச் சென்றன. 1990 முதல் செயின்ட் லூசியா தீவின் ராட்னி விரிகுடா சேருமிடமாக இருக்கிறது. ஏறத்தாழ 2,700 கடல் மைல் தூரம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர் ஆதலால் இது சுமார் 5,000 கிலோமீட்டர்.

ஆயத்தத்துக்காக இத்தீவுகளில் நிற்பது புதிய வழக்கமும் அன்று. 1492 ஆகஸ்டு 3 அன்று ஸ்பெயினின் பாலோஸ் துறையை விட்டுப் புறப்பட்ட கொலம்பஸின் மூன்று கப்பல்களில் ‘பிந்தா’வின் சுக்கான் சில நாள்களிலேயே பழுதாயிற்று. அதைச் சரிசெய்யக் கிரான் கனாரியா தீவில் தங்க வேண்டியிருந்தது. ‘நீனா’வின் முக்கோணப் பாய்களும் அப்போதுதான் பின்காற்றுக்கு ஏற்ற சதுரப் பாய்களாக மாற்றப்பட்டன. செப்டம்பர் 6 அன்று லா கொமேரா தீவிலிருந்துதான் அவர்களால் மேற்கே செல்ல முடிந்தது.

துறையின் அமைப்பு

அலைதடுப்புச் சுவரால் சூழப்பட்ட அமைதியான நீர்ப்பரப்பே மரீனா. அதற்குள் மிதவை மேடைகள் விரல்களைப் போல நீண்டிருக்கும். ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் சேர்ந்தே உயர்ந்து தாழும். லாஸ் பால்மாஸில் படகின் ஒரு முனையை மேடைக்கும், மறுமுனையைக் கடலடியில் பதித்த கயிற்றுக்கும் கட்டுவர். பக்கத்துப் படகுக்கும் நம் படகுக்கும் இடையே காற்றடைத்த ரப்பர் மெத்தைகள் தொங்கும். ஏறி இறங்க ஒரு பலகை.

மேடையில் ஒவ்வொரு படகுக்கும் குடிநீர்க் குழாயும் 230 வோல்ட் மின் இணைப்பும் உண்டு. கரையில் குளியலறை, துணி துவைக்கும் இயந்திரங்கள், எரிபொருள் நிலையம், படகை நீரிலிருந்து தூக்கும் பாரந்தூக்கி, படகு உதிரிப்பொருள் கடைகள், பாய் தைப்போர், இயந்திரப் பழுது பார்ப்போர் ஆகியன உள்ளன. கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது. கட்டமரான் அகலமானது ஆதலால் பல மரீனாக்களில் கூடுதல் கட்டணம் கேட்பர்.

ஒரு நாளின் போக்கு

கரையிலிருந்து பார்ப்போருக்கு இது விடுமுறை வாழ்வு போலத் தோன்றும். உள்ளே இருப்போருக்கு அது வேலைநாள்.

விடிந்ததும் முதல் வேலை, கட்டிய கயிறுகளைப் பார்ப்பது. இரவில் காற்று வீசியிருந்தால் ஏதேனும் ஒரு கயிறு தேய்ந்திருக்கும். அடுத்து வானிலை முன்னறிவிப்பு. அதன்பின் துண்டும் சோப்புமாகக் கரைக் குளியலறைக்கு நடை. படகிலேயே குளிக்க வசதி இருந்தாலும், சேமிப்புத் தொட்டி நீரை வீணாக்காமல் இருக்க இப்போதே பழகிக்கொள்வர்.

காலை உணவுக்குப் பின் வேலைப் பட்டியலைக் கையில் எடுப்பர். படகில் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குழாயைத் தொட வேண்டுமானால் மெத்தையை எடுத்து, பலகையைக் கழற்றி, அதன்கீழ் உள்ள டப்பாக்களை வெளியே வைத்து, தலைகீழாகக் குனிய வேண்டும். அரைமணி நேர வேலைக்கு அரைநாள் போகும். மாலையில் கழற்றியவை எல்லாம் திரும்பவும் உள்ளே போனால்தான் படுக்க இடம் கிடைக்கும்.

பிற்பகலில் சிறு கடைகள் பல சில மணி நேரம் மூடிவிடும். ஸ்பெயினின் வழக்கம் அது. அந்நேரம் துணி துவைத்தல், பாய் மடித்தல், பயணப் புத்தகம் படித்தல் ஆகியவற்றில் கழியும். சில நாள்களில் சகாராப் பாலைவனத்திலிருந்து ‘கலீமா’ என்னும் புழுதிக் காற்று வந்து கயிறு, பாய், சூரிய மின்பலகை அனைத்தின்மீதும் செம்பழுப்புத் தூளைப் படியவிடும். அன்று செய்திருந்த வண்ணப்பூச்சு வேலையை மறுநாள் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

இரவில் பாய்மரத்தின்மீது கயிறுகள் அடித்துக்கொள்ளும் ஓசை மரீனா முழுவதும் கேட்கும். புதிதாக வந்தோருக்கு உறக்கம் பிடிக்காது. கயிற்றைப் பாய்மரத்திலிருந்து விலக்கிக் கட்டுவது அண்டைப் படகுக்குச் செய்யும் மரியாதை எனக் கருதப்படுகிறது.

படகின் அடிப்பாகம்

நீரில் நிற்கும் எந்தப் பொருளிலும் பாசியும், நம் மீனவர் கொட்டலசு என்று சொல்லும் ஓட்டுயிரியும் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான அடிப்பாகம் சொரசொரப்பானால் படகின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பயண நாள் கூடும். நாள் கூடினால் உணவும் நீரும் கூடுதலாக வேண்டும். அதனால் படகைப் பாரந்தூக்கியால் கரையேற்றி, கழுவி, சுரண்டி, தாமிரச் சேர்மம் கலந்த வண்ணத்தைப் பூசுவர். முன்பு டின் கலந்த டிபிடி என்னும் வேதிப்பொருளும் பயன்பட்டது. அது சிப்பி, நத்தை முதலிய உயிர்களுக்குப் பெருங்கேடு செய்ததால் 2001இல் பன்னாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டு, 2008இல் நடைமுறைக்கு வந்து, அதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டது.

கரையேறிய படகில் துத்தநாகக் கட்டிகளையும் மாற்றுவர். உப்பு நீரில் இரு வேறு உலோகங்கள் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அது ஒரு மின்கலம் போல் செயல்படும் என்பதைப் பள்ளி வேதியியலில் படித்திருப்போம். அந்த மின்கலத்தில் வினைத்திறன் மிக்க உலோகம் கரையும். வெண்கலச் சுழலியும் எஃகுத் தண்டும் உள்ள இடத்தில் துத்தநாகத்தைப் பொருத்தினால் அது முதலில் கரைந்து மற்றவற்றைக் காக்கும். மரீனாவில் பல படகுகள் ஒரே மின் இணைப்பின் நிலக்கம்பி வழியே ஒன்றோடொன்று தொடர்புகொள்வதால் இந்தக் கரைதல் விரைவாகவே நடக்கும். நடுக்கடலில் இருந்த ஆண்டைவிடத் துறையில் நின்ற ஆண்டில் கட்டி வேகமாகத் தேய்ந்தது எனப் படகோட்டிகள் வியப்பதற்கு இதுவே காரணம்.

இன்னும் கவனிக்க வேண்டியவை, படகின் உடலில் உள்ள துளைகள். இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் உள்ளே வரவும், கழிவுநீர் வெளியே போகவும் நீர்மட்டத்துக்குக் கீழே பல துளைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் அடைப்பான் இருக்கும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை திறந்துகொண்டால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் நீர் புகும். ஆகவே ஒவ்வோர் அடைப்பானையும் திறந்து மூடிப் பார்த்து, அதன் அருகிலேயே அளவான மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவர். அடைப்பான் உடைந்தால் ஆப்பைத் தேட நேரம் இருக்காது.

பாய்மரமும் கயிறுகளும்

பாய்மரத்தை நிற்கவைப்பவை எஃகுக் கம்பிகள். ஒரு கம்பி அறுந்தால் மரமே சாயலாம். எனவே ஒருவர் துணி இருக்கையில் அமர்ந்து, கீழிருந்து மற்றவர் கயிறு இழுக்க, உச்சிவரை ஏறிச் சோதிப்பார். இணைப்பு முனைகளில் ஒரு மெல்லிய இழை பிரிந்திருந்தாலும் அது முன்னெச்சரிக்கை. வெறும் கண்ணுக்குத் தெரியாததை விரல் கண்டுபிடிக்கும் என்பதால், துணியால் கம்பியைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. இழை நீட்டிக்கொண்டிருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

இப்பயணத்தின் தனிப் பகை உராய்வு. வாரக்கணக்கில் காற்று ஒரே பக்கத்திலிருந்து வருவதால் கயிறு ஒரே இடத்தில் ஒரே பொருள்மீது இரவும் பகலும் உரசும். ஒரு நாள் உலாவில் தெரியாத தேய்மானம் பத்தாம் நாள் கயிற்றை அறுத்துவிடும். உரசும் இடங்களுக்குத் தோல் உறையோ பழைய குழாயோ போடுவர். பயணத்தின்போது கயிற்றைத் தினமும் சிறிதளவு நகர்த்திவைப்பதும் வழக்கம்.

இயந்திரமும் மின்சாரமும்

பாய்ப்படகானாலும் டீசல் இயந்திரம் இன்றியமையாதது. அதன் முதல் எதிரி எரிபொருளில் கலந்த நீர். டீசலும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடு உண்டாகும். துறையில் படகு ஆடாமல் நிற்கும்வரை கசடு தொட்டியின் அடியிலேயே கிடக்கும். கடலில் படகு குலுங்கியதும் கலங்கி வடிகட்டியை அடைக்கும். அதாவது, இயந்திரம் தேவைப்படும் மோசமான நேரத்தில்தான் அது நின்றுபோகும். தொட்டியைத் துறையிலேயே சுத்தம் செய்வதும், வடிகட்டிகள் சிலவற்றைக் கூடுதலாக எடுத்துச் செல்வதும், கண்ணை மூடிக்கொண்டும் மாற்றப் பழகுவதும் இதனால்தான்.

மின்சாரத்துக்கு ஒரு கணக்கு தேவை. எடுத்துக்காட்டாக, குளிர்பெட்டியின் சராசரித் தேவை 40 வாட், தானியங்கிச் சுக்கானுக்கு 40 வாட், விளக்கு, வானொலி, வழிகாட்டிக் கருவிகளுக்கு 30 வாட் எனக் கொள்வோம். மொத்தம் 110 வாட். 24 மணி நேரத்துக்கு 2,640 வாட் மணி. 12 வோல்ட் மின்கல அடுக்கில் இது 220 ஆம்பியர் மணி. ஈய அமில மின்கலத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாள் தேவைக்கே 440 ஆம்பியர் மணி கொள்ளளவு வேண்டும். 400 வாட் சூரியப் பலகை நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு இணையாக உழைத்தாலும் 2,000 வாட் மணிதான் தரும். மீதி 640 வாட் மணிக்கு என்ன வழி? குளிர்பெட்டியை அணைப்பதா, கையால் சுக்கான் பிடிப்பதா, இயந்திரத்தை ஓட்டுவதா? இந்தக் கேள்விக்கு விடையைக் கரை மின்சாரம் இருக்கும்போதே கண்டறிய வேண்டும். அதற்காகச் சிலர் துறையில் நிற்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் வாழ்ந்து பார்ப்பர்.

உயிர்காப்புக் கருவிகள்

காற்றடைத்து விரியும் உயிர்காப்புத் தெப்பம் உரிய காலத்தில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். உயிர்காப்பு அங்கியில் உள்ள சிறு வாயு உருளையை எடைபோட்டுப் பார்ப்பர். எடை குறைந்திருந்தால் வாயு கசிந்துவிட்டது என்று பொருள். வண்ண ஒளி வெடிகளின் காலாவதித் தேதி பார்க்கப்படும். 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி உரிமையாளர் பெயரில் பதிவுசெய்யப்பட்டிருக்க வேண்டும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து தொடங்கிய காஸ்பஸ் சார்சாட் என்னும் அமைப்பு இச்செய்திகளைப் பெற்று மீட்பு நிலையங்களுக்குத் தருகிறது. இதன்வழி நடந்த முதல் மீட்பு 1982இல். பனிப்போர்க் காலத்தில் பகை நாடுகள் கூடிச் செய்த பணி என்பது குறிப்பிடத்தக்கது.

கூட்டுப் பயணத்தில் சேரும் ஒவ்வொரு படகிலும் சோதனையாளர் ஏறிப் பட்டியல்படி கருவிகளைப் பார்ப்பர். கருவி இருப்பது மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்று படகில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும். படகுத் தலைவரே கடலில் விழுந்துவிட்டால் மீட்க வேண்டியவர் மற்றவர்தானே.

நீரும் உணவும்

நான்கு பேர், 21 நாள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 4 லிட்டர் என்றால் 336 லிட்டர் நன்னீர் வேண்டும். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இருந்தாலும் இந்த அளவைத் தொட்டியிலும் போத்தல்களிலும் நிரப்பிக்கொள்வர். இயந்திரம் பழுதாகலாம். ஒரே தொட்டியில் அல்லாமல் பிரித்து வைப்பதும் நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும்.

புறப்படும் வாரத்தில் மேடையெங்கும் காய்கனி வண்டிகள். லாஸ் பால்மாஸின் பெரிய கடைகளும் சந்தைக் கடைக்காரர்களும் பொருள்களை மேடைக்கே கொண்டுவந்து தருவர். அங்கே ஒரு விதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும்: அட்டைப்பெட்டி படகுக்குள் போகாது. அட்டையின் மடிப்புகளில் கரப்பான்பூச்சி முட்டைகள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் மேடையிலேயே பிரித்து, பழங்களைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் உள்ளே எடுத்துச் செல்வர்.

முட்டையைக் கழுவாமலும் குளிரூட்டாமலும் வாங்கினால் வாரக்கணக்கில் தாங்கும்; சில நாளுக்கு ஒருமுறை புரட்டி வைப்பர். தக்காளியைக் காயாகவும் செங்காயாகவும் கலந்து வாங்குவர். முட்டைக்கோஸ், பூசணி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவை கடைசிவரை வரும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒன்றாக வைத்தால் இரண்டும் விரைவில் கெடும். கேனரி தீவுகளில் விளையும் வாழைத்தாரைப் பலர் படகின் பின்புறத்தில் கட்டித் தொங்கவிடுவர். தார் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுத்துவிடும்; பழுக்கும் பழத்திலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மற்றதையும் பழுக்கவைப்பதே காரணம். பிறகு மூன்று வேளையும் வாழைப்பழம்தான்.

தகர டப்பாக்களின்மேல் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்துவிடும். அதனால் உள்ளே இருப்பது என்ன என்பதை மூடியில் அழியா மையால் எழுதுவர். எந்தப் பலகையின் கீழ் எந்தப் பொருள் என்று ஒரு குறிப்பேடும் தேவை. அது இல்லாத வீட்டில் கடுகைத் தேடுவது எப்படியோ, அது இல்லாத படகில் மருந்தைத் தேடுவதும் அப்படியே.

உதிரிப்பொருளுக்காகக் காத்திருத்தல்

மரீனா வாழ்வில் அதிக நாளைத் தின்பது காத்திருப்பு. கேனரி தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதிக்குள் இருந்தாலும் அதன் மதிப்புக்கூட்டு வரிப் பகுதிக்கு வெளியே உள்ளன. இங்கே ஐ.ஜி.ஐ.சி. என்னும் தனி வரி. ஆகவே ஸ்பெயினின் தலைநிலத்திலிருந்து வரும் சிறு பொட்டலம்கூடச் சுங்க நடைமுறையைக் கடந்தே வர வேண்டும். நீரேற்றியின் ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு படகு வாரக்கணக்கில் நிற்பது அரிதன்று. இதை அறிந்தோர் தேவையானதை முன்கூட்டியே வாங்கி வருவர். அறியாதோர் அண்டைப் படகில் கேட்பர்.

துறையின் மனிதர்கள்

அண்டைப் படகில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஒருவரிடம் மின்வேலைத் திறன், இன்னொருவரிடம் தையல் இயந்திரம், வேறொருவரிடம் பழைய குழாய்த் துண்டு. மொழி வேறானாலும் வேலை பேசும். கைம்மாறாக ஒரு ரொட்டியோ, மாலையில் ஒரு தேநீரோ போதும்.

குழந்தைகளோடு வந்த குடும்பங்களும் உண்டு. அவர்களின் படகில் காலை நேரம் பாட நேரம், பெற்றோரே ஆசிரியர். பாடம் முடிந்ததும் பல மொழிக் குழந்தைகள் மேடையில் ஒன்றாக ஓடுவர். சிறுவர்கள் மேடையிலும் உயிர்காப்பு அங்கி அணிந்திருப்பது இங்குப் பொது வழக்கம். நடுக்கடலைப் போலவே துறையிலும் நீர் ஆழமானது.

நவம்பரில் முதுகுப்பையுடன் மேடையோரம் நடக்கும் இளைஞர்களையும் காணலாம். “அட்லாண்டிக்கைக் கடக்க இடம் உண்டா?” என்று படகு படகாகக் கேட்பர், அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவைப்பர். சமைக்கவும் இரவுக் காவல் இருக்கவும் ஓர் ஆள் கூடுதலாக இருப்பது படகுக்கு நல்லதுதான். ஆனால் மூன்று வாரம் இறங்க இடமில்லாத சிறு இடத்தில் முன்பின் அறியாதவரோடு வாழ வேண்டும். பெரும்பாலான நாடுகளில், வந்தவர் அங்கிருந்து திரும்பிச் செல்வதற்கான பொறுப்பும் படகுத் தலைவரையே சேரும். இளைஞருக்கும் இதே ஐயம் உண்டு: இந்தப் படகு உறுதியானதா, இந்தத் தலைவர் நிதானமானவரா, பெண்ணாயின் தனக்குப் பாதுகாப்பு உண்டா? எனவே இரு தரப்பும் ஒரு நாளாவது சேர்ந்து கடலுக்குச் சென்று வந்தபின் முடிவெடுப்பதே முறை.

துறை ஒழுக்கம்

அழைக்காமல் பிறர் படகில் கால்வைக்கக் கூடாது. மேடையில் நின்று குரல்கொடுத்து, இசைவு கிடைத்தபின் ஏற வேண்டும். காலணியை மேடையிலேயே விட வேண்டும். இதில் நமக்குப் புதுமை ஒன்றும் இல்லை. கழிப்பறை நீரைத் துறைக்குள் திறந்துவிடக் கூடாது. புதிய படகு உள்ளே வரும்போது கையில் இருக்கும் வேலையை விட்டு எழுந்து போய் அதன் கயிற்றை வாங்கிக் கட்ட வேண்டும். இது எழுதப்படாத விதி.

எப்போது போதும்?

ஆயத்தத்தில் மிகக் கடினமான கேள்வி இதுதான். ஒரு வேலையை முடிக்கும்போது இரண்டு புதிய வேலைகள் கண்ணில் படும். வீட்டை விற்றும், பணி ஓய்வுத் தொகையைப் போட்டும் படகு வாங்கியவர்கள் இங்கே உண்டு. நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் துறைக் கட்டணம் ஏறும், சேமிப்பு கரையும். மறுபக்கம், விட்டுவிட்ட ஒரு வேலையால் நடுக்கடலில் உயிர் போகலாம். ஆயிரம் மைலுக்கு அப்பால் பட்டறை இல்லை. அவசரமும் அச்சமும் இரு பக்கம் இழுக்க, கணவன் மனைவியிடையே சச்சரவு வருவதும் இயல்பு.

அனுபவமுள்ளோர் பட்டியலை மூன்றாகப் பிரிப்பர். செய்யாவிட்டால் படகு மூழ்கவோ உயிர் போகவோ கூடியவை முதல் வகை: அடைப்பான், சுக்கான், பாய்மரக் கம்பி, தெப்பம், ஆபத்துச் செய்திக் கருவி. செய்யாவிட்டால் பயணம் துன்பமாகக் கூடியவை இரண்டாம் வகை: மின்சாரம், நன்னீர் இயந்திரம், குளிர்பெட்டி. வசதிக்கும் அழகுக்கும் உரியவை மூன்றாம் வகை: மெருகு, புதிய மெத்தை உறை. முதல் வகையில் ஒன்று மீதமிருந்தாலும் புறப்படக் கூடாது. இரண்டாம் வகைக்கு ஒரு மாற்று வழி இருந்தால் போதும். மூன்றாம் வகை முடியவே முடியாது. அதற்காகக் காத்திருக்கவும் கூடாது.

இப்படிப் பிரிக்காதோரின் படகுகளையும் மரீனாவில் காணலாம். கயிறுகளில் பாசி படர்ந்திருக்கும். உரிமையாளர் ஒவ்வோர் ஆண்டும் ‘அடுத்த பருவம்’ என்பார். சிலருக்கு உடல்நலம் தடை, சிலருக்குப் பணம் தடை. சிலருக்குத் துறை வாழ்வே பிடித்துப்போயிருக்கும். பயணம் செல்லாததை இகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் முடியாததால் நிற்கிறோம் என்று எண்ணுவோர், உண்மையில் தடுப்பது பட்டியல்தானா என்று தம்மைக் கேட்டுக்கொள்வது நல்லது.

புறப்பாடு

புறப்படுவதற்கு முந்தைய நாள் மேடை அமைதியாகிவிடும். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவோர், கடைசியாக ஒருமுறை நன்னீரில் தலைக்குக் குளிப்போர், குப்பையை எறிந்துவிட்டு வருவோர். மறுநாள் கயிறுகள் அவிழ்க்கப்படும். கரையிலிருப்போர் கையசைக்க, படகுகள் ஊதுகுழல் ஒலியுடன் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறும். மாலையில் மேடை வெறிச்சோடியிருக்கும்.

ஆயத்தத்தின் மெய்யான சோதனை முதல் சில நாள்களில் நடக்கும். கடல்நோய், உறக்கமின்மை, துறையில் தெரியாதிருந்த கசிவு எல்லாம் அப்போது வெளிப்படும். பெரிய பழுது கண்டோர் லாஸ் பால்மாஸுக்கே திரும்புவர். அல்லது சுமார் 850 கடல் மைல் தொலைவில் கேப் வர்டி தீவுகளில் உள்ள மிந்தேலோ துறைக்குச் சென்று சரிசெய்துகொள்வர். அதை எவரும் தோல்வியாகக் கருதுவதில்லை. சரிசெய்தபின் அவர்களும் மேற்கே திரும்புவர்.